ஒன்பதும் இருபத்திரண்டும்

1944-ல் ஜேனட் டேவிசன் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது வகுப்பில் 65 இடங்கள் இருந்தன. அவற்றில் பெண்களுக்கு மூன்றே மூன்று. அந்த ஆண்டுக்கான மூன்றும் நிரம்பிவிட்டதால் அவரை ஒன்பது மாதம் காக்கவைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 19. மதிப்பெண்ணில் குறையில்லை, 15 வயதிலேயே உதவித்தொகையுடன் அதே பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பாடத்திட்டத்தில் சேர்ந்து பட்டம் வாங்கியவர். பெண் என்பதுதான் தடை.

1948-ல் மருத்துவப் பட்டம் பெற்ற மறுநாளே டொனால்ட் ரௌலியைக் கைப்பிடித்து ஜேனட் ரௌலி ஆனார். அடுத்தடுத்து நான்கு ஆண் பிள்ளைகள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் முழுநேர வேலைக்குப் போகவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை, மற்ற நாள்கள் பிள்ளைகளோடு. புற்றுநோய் எங்கிருந்து தொடங்குகிறது என்ற கேள்விக்கு மருத்துவ உலகின் பதிலை மாற்றியது, இப்படிப் பகுதிநேரமாகச் செய்த வேலைதான்.

ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி

1950-களின் பிற்பகுதியில் ரௌலி சிகாகோவில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான மருத்துவமனையில் பணிபுரிந்தார். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் பலரை அங்கே பார்த்தார். 1959-ல் பிரான்ஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்தக் குழந்தைகளின் செல்களில் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது என்று ஜெரோம் லெஜூனும் அவருடைய சகாக்களும் காட்டியிருந்தார்கள். மனிதனுக்கு மொத்தம் 46 குரோமோசோம்கள் என்பதே 1956-ல்தான் உறுதியாகியிருந்தது. நாள்தோறும் தான் பார்க்கும் குழந்தைகளின் நிலைக்கான காரணத்தை நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்க முடியும் என்பது ரௌலியைப் பிடித்துக்கொண்டது.

1961-ல் கணவரின் ஆய்வு விடுப்பையொட்டிக் குடும்பம் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. அங்கே ரௌலி குரோமோசோம் ஆய்வு கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு சிகாகோ திரும்பியதும், இரத்தநோய் நிபுணர் லியோன் ஜேக்கப்சனிடம் போய் நேராகக் கேட்டார்: ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, படம் கழுவ இருட்டறை, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் அளவுக்குச் சம்பளம். ஆண்டுக்கு 5,000 டாலர் என்று ஜேக்கப்சன் ஒப்புக்கொண்டார். ரௌலியிடம் அப்போது முனைவர் பட்டம் கிடையாது, பேர் சொல்லும்படியான கட்டுரைகளும் கிடையாது. ஜேக்கப்சன் தன் இரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களை அவரிடம் கொடுத்து, இவற்றின் குரோமோசோம்களைப் பாருங்கள் என்றார்.

பிலடெல்ஃபியாவின் குட்டைக் குரோமோசோம்

அந்தத் துறையில் அதற்குள் ஒரு புதிர் காத்திருந்தது. 1950-களின் பிற்பகுதியில் பிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல் என்ற நோயியல் மருத்துவர் லுக்கீமியா எனப்படும் இரத்தப் புற்றுநோயின் செல்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவியபோது, செல்கள் உப்பி, உள்ளேயிருந்த குரோமோசோம்கள் விரிந்து தெளிவாகத் தெரிந்தன. அவரும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் ஒரு குறிப்பிட்ட நோயை மட்டும் எடுத்துக்கொண்டு உற்றுப்பார்த்தார்கள். நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா. மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் சி.எம்.எல். அந்த நோயாளிகளின் செல்களில் மிகச் சிறிய குரோமோசோம்களில் ஒன்று வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. 1960-ல் இது வெளியானது; அதற்குப் பிலடெல்ஃபியா குரோமோசோம் என்றே பெயர் நிலைத்தது.

சி.எம்.எல். மெல்லத் தொடங்கும் நோய். வெள்ளையணுக்கள் தாறுமாறாகப் பெருகும், மண்ணீரல் வீங்கும், உடல் இளைக்கும். சில ஆண்டுகள் அடங்கியிருப்பதுபோல் தோன்றிவிட்டுத் திடீரெனத் தீவிர லுக்கீமியாவாக மாறி ஆளைக் கொண்டுபோய்விடும். அந்தக் காலத்தில் நோய் கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தார்கள்.

குட்டையான குரோமோசோமில் ஒரு துண்டு தொலைந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அதற்கு மேல் ஆராய வழியில்லை. அன்றைய சாயம் ஏற்றினால் எல்லாக் குரோமோசோம்களும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி தெரியும். நீளத்தை வைத்து ஏழு தொகுதிகளாகப் பிரிக்கலாம், அவ்வளவுதான். 6 முதல் 12 வரையிலான குரோமோசோம்கள் ஒரே தொகுதி. அவற்றில் எது 8, எது 9 என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

1960-களின் முடிவில் ஸ்வீடனில் டோர்ப்யோர்ன் காஸ்பர்சன் குழு ஒரு வழி கண்டது. மலேரியாவுக்குக் கொடுக்கப்பட்ட குவினாக்ரின் என்ற மருந்தையும் அதைச் சார்ந்த வேதிப்பொருளையும் சாயமாக ஏற்றிப் புற ஊதா ஒளியில் பார்த்தால், குரோமோசோம்களின் மேல் ஒளிர்வதும் மங்குவதுமாகப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் பட்டை வரிசை தனி. 1970-ல் மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன ரௌலி, வால்டர் பாட்மரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி இந்த முறையைக் கற்றுக்கொண்டு வந்தார்.

உணவு மேசையில் நடந்த ஆய்வு

வேலை பொறுமையைச் சோதிப்பது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ எடுத்த செல்களில், சரியாகப் பிரியும் தறுவாயில் உள்ளவற்றைத் தேடவேண்டும். அப்போதுதான் குரோமோசோம்கள் சுருங்கித் திரண்டு கண்ணுக்குத் தெரியும். புற ஊதா ஒளி பட்டதுமே ஒளிர்வு மங்கத் தொடங்கும் என்பதால் உடனே படமெடுத்துவிட வேண்டும். பிறகு இருட்டறையில் கழுவி, பெரிதாக்கி, தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் தனித்தனியே வெட்டவேண்டும். ஒரு செல்லுக்கு 46 துண்டுகள். அவற்றை ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தினால், ஒரு செல்லின் கணக்கு முடியும். அடுத்தது இன்னொரு செல், இன்னொரு நோயாளி.

ரௌலி படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, உணவு மேசையில் பரப்பி வெட்டி அடுக்கினார். காகிதப் பொம்மை வெட்டி விளையாடுவதற்கா அம்மாவுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

1972-ல் தீவிர மைலாய்டு லுக்கீமியா வந்த ஒரு நோயாளியின் செல்களை அடுக்கியபோது ரௌலிக்கு ஒன்று தட்டுப்பட்டது. 8-ஆம் குரோமோசோம் ஒன்றின் முனையும் 21-ஆம் குரோமோசோம் ஒன்றின் முனையும் இடம் மாறியிருந்தன. இன்னொரு நோயாளியிடமும் அதே மாற்றம். சில மாதங்களுக்குள் சி.எம்.எல். நோயாளிகளின் படங்களைப் பரப்பினார். குட்டையான பிலடெல்ஃபியா குரோமோசோம் 22-ஆவது என்பது பட்டை முறை வந்தபின் தெளிவாகியிருந்தது. அந்தச் செல்களில் மற்றொரு குரோமோசோமும் இயல்பாக இல்லை. 9-ஆம் குரோமோசோம்களில் ஒன்று சற்றே நீண்டிருந்தது. அதன் நுனியில் மங்கலாக ஒளிரும் ஒரு சிறு துண்டு கூடுதலாக ஒட்டியிருந்தது. 22-இல் எவ்வளவு குறைந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு 9-இல் கூடியிருந்தது.

தொலைந்ததாக நினைத்த துண்டு தொலையவில்லை. இரண்டு குரோமோசோம்களும் உடைந்து, முனைகளை மாற்றிக்கொண்டு, தவறாக ஒட்டியிருந்தன. அவர் ஆராய்ந்த ஒன்பது நோயாளிகளிடமும் இதே மாற்றம் இருந்தது. 1973 ஜூன் மாத நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் பெயராக இருந்தது ரௌலி ஒருவர் பெயர் மட்டுமே.

காரணமா, விளைவா?

ஆனாலும் துறை உடனே தலையசைத்துவிடவில்லை. புற்றுநோய்ச் செல்களில் குரோமோசோம்கள் குலைந்துகிடப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அந்தக் குலைவு நோயின் விளைவு, நோயைத் தொடங்கிவைக்கும் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்பதே பெரும்பாலோர் கருத்து.

ரௌலியின் வாதம் எளிமையானது. குலைவு விளைவு மட்டுமே என்றால் அது ஆளுக்கு ஆள் வேறுபடவேண்டும். சி.எம்.எல். வந்தவர்களிடம் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப 9-உம் 22-உம் மாறுகின்றன? இன்னொரு வகை லுக்கீமியாவில் ஏன் 8-உம் 21-உம்? 1977-ல் அவரும் சக ஆய்வாளர்களும் தீவிர புரோமைலோசைட்டிக் லுக்கீமியாவில் 15-க்கும் 17-க்கும் இடையே நடந்த மாற்றத்தைக் காட்டினார்கள். நோய்க்கு ஒரு ஜோடி. ஜோடி மாறினால் நோயும் வேறு. ஊர் ஊராக, மாநாடு மாநாடாக இந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதில்லை, வாழ்நாளில் ஒரே ஒரு இரத்த மூலச்செல்லில் நிகழ்ந்து அதன் வழித்தோன்றல்கள் எல்லாவற்றிலும் பரவுகிறது என்பதும் அந்த ஆண்டுகளில் வலுப்பட்டது.

பிறகு மூலக்கூறு உயிரியலாளர்கள் வந்தார்கள். 9-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஏபிள் என்ற மரபணு, முனை மாறும்போது 22-க்குப் போய்விடுகிறது என்பது 1982-ல் தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில், அது போய் ஒட்டும் இடத்தில் இருப்பது பி.சி.ஆர். என்ற மரபணு என்று கண்டார்கள். இரண்டும் இணைந்து, இயற்கையில் இல்லாத ஒரு புதிய மரபணு. ஏபிள் மரபணு தரும் புரதம் ஒரு நொதி. மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி, பெருகு என்ற கட்டளையைச் செல்லுக்குள் கடத்துவது. இயல்பான செல்லில் அது தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும் குழாய். பி.சி.ஆர். ஒட்டிக்கொண்டால் மூடவே மூடாது. 1990-ல் இந்த இணைப்பு மரபணுவைச் சுமந்த மஜ்ஜைச் செல்களை எலிகளுக்குள் செலுத்தியபோது, எலிகளுக்கு சி.எம்.எல். போன்ற நோயே வந்தது. காரணமா விளைவா என்ற வழக்கு அத்தோடு முடிந்தது.

53 பேர்

நோய்க்குக் காரணம் ஒரே ஒரு நொதி என்றால், அந்த நொதியை மட்டும் அடைத்தால் என்ன? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா-கைகி நிறுவனத்தில் நிக் லைடனும் சக வேதியியலாளர்களும் இத்தகைய நொதிகளைத் தடுக்கும் மூலக்கூறுகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிரையன் ட்ரூக்கர் என்ற புற்றுநோய் மருத்துவர் அவற்றை வாங்கி, சி.எம்.எல். செல்களில் சோதித்தார். ஒரு மூலக்கூறு நோய்ச் செல்களைக் கொன்றது. இயல்பான செல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. 1996-ல் முடிவு வெளியானது. பிற்பாடு இமாடினிப் என்று பெயர் பெற்றது அந்த மூலக்கூறுதான்.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கு மட்டும் வரும் நோய்க்கு மருந்து செய்து கட்டுபடியாகுமா என்று நிறுவனம் தயங்கியது. ட்ரூக்கர் விடவில்லை. 1998 ஜூனில் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. அதுவரை கொடுக்கப்பட்டுவந்த இன்டர்ஃபெரான் மருந்து பலன் தராமல் போனவர்களே அதில் சேர்ந்தார்கள். நாளுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது, பெரும்பாலோருக்கு நான்கே வாரங்களில். ஊசியில்லை, மயிர் உதிரவில்லை, வாயால் விழுங்கும் மருந்து. 2001 மே 10 அன்று, விண்ணப்பம் போய் மூன்று மாதம்கூட ஆகுமுன், அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

இமாடினிப் எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வொன்றின் கணக்கு 2017-ல் வந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்தவர்கள் 83 சதவீதம்.

15, 17 மாற்றத்தின் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. புரோமைலோசைட்டிக் லுக்கீமியா சில நாள்களிலேயே இரத்தக் கசிவால் கொல்லக்கூடியது. ஷாங்காயில் வாங் ஜென்யி என்ற மருத்துவர் 1980-களில் வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தை அந்த நோயாளிகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றினார். ஏன் பலித்தது என்பது பிறகுதான் விளங்கியது: 17-ஆம் குரோமோசோமில் உடையும் இடத்தில் இருப்பது ரெட்டினாயிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் புரதத்தின் மரபணு. இன்று அந்த மருந்தும் ஆர்சனிக்கும் சேர்ந்து பெரும்பாலான நோயாளிகளைக் குணப்படுத்துகின்றன. லுக்கீமியா என்று ஒரே பெயர் சொல்லி ஒரே மருந்து கொடுத்த காலம் போய், எந்தக் குரோமோசோம் எங்கே உடைந்தது என்று முதலில் பார்த்துவிட்டு மருந்தைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. துல்லிய மருத்துவம் என்று இப்போது எல்லாரும் சொல்வதன் முதல் வெற்றிகள் இவை.

சென்னையில் நடந்த வழக்கு

மருந்து வந்துவிட்டது, விலை? சிபா-கைகியின் வழிவந்த நோவார்டிஸ் நிறுவனம் இமாடினிபை கிளிவெக் என்ற பெயரில் விற்றது; இந்தியாவில் அந்த மாத்திரை அப்போது ஒரு நோயாளிக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. உள்நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தந்தன. சி.எம்.எல். மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கவேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வித்தியாசம் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வித்தியாசம்.

இமாடினிபின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் 1998-ல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் உள்நாட்டு நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் அதன் பலன் கூடியிருப்பதை நிரூபிக்கவேண்டும் என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது; 2007 ஆகஸ்டில் அது தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது: உடலில் கூடுதலாக உறிஞ்சப்படுவது மட்டும் போதாது, நோயைத் தீர்ப்பதில் மேம்பாடு இருக்கவேண்டும், காப்புரிமை இல்லை. நோவார்டிஸ் தன் உதவித் திட்டத்தின் மூலம் இந்தியாவில் ஆயிரக்கணக்கானோருக்கு மாத்திரையை இலவசமாகவே கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரு நோயாளியின் ஆயுள் ஒரு நிறுவனத்தின் தாராளத்தை நம்பியிருக்கவேண்டியதில்லை என்று நிலைநாட்டியது அந்தத் தீர்ப்புதான்.

ஓயாத வேலை

ரௌலி தன் கண்டுபிடிப்போடு நின்றுவிடவில்லை. வேறு புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்னாளில் வரும் லுக்கீமியாவில் 5, 7 குரோமோசோம்களின் பகுதிகள் இழக்கப்படுவதைக் காட்டினார். 1991-ல் அவருடைய குழு, கைக்குழந்தைகளின் லுக்கீமியாவில் அடிக்கடி உடையும் எம்.எல்.எல். மரபணுவை அடையாளம் கண்டது. 1998-ல் பீட்டர் நோவெல், ஆல்ஃபிரட் நட்சன் ஆகியோரோடு லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். 2009-ல் அதிபர் ஒபாமா அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அணிவித்தபோது அவருக்கு வயது 84. அப்போதும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், போனது சைக்கிளில். சூலகப் புற்றுநோயின் சிக்கல்களால் 2013 டிசம்பர் 17 அன்று, 88 வயதில் இறந்தார்.

அவர் தொடங்கிவைத்த பாதையில் வேலை தொடர்கிறது. சிலருக்கு இமாடினிப் ஒரு கட்டத்தில் கேட்காமல் போகிறது. இணைப்பு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, மருந்து போய்ப் பொருந்தும் இடத்தை அடைத்துவிடுவது அதற்கு ஒரு காரணம் என்று 2001-ல் சார்லஸ் சாயர்ஸ் குழு கண்டது. இத்தகைய மாற்றங்கள் பலவற்றைத் தாண்டி வேலை செய்யும் டாசாடினிப், நிலோடினிப், பொனாடினிப் அடுத்தடுத்து வந்தன. நோய் ஆண்டுக்கணக்கில் மிக ஆழமாக அடங்கியிருக்கும் சிலர், மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை.

இந்தியாவில் சி.எம்.எல். மேலை நாடுகளைவிட இளம் வயதிலேயே வருகிறது. வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் வயது. மாத்திரை இன்று எட்டும் விலையில் இருக்கிறது. ஆனால் உடம்பு தேறியதும், காய்ச்சல் மாத்திரையை நிறுத்துவதுபோல இதையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு இதன் விளைவைச் சொல்கிறது. பத்தில் ஒன்பதுக்கு மேல் மாத்திரைகளைத் தவறாமல் எடுத்தவர்களில் 94 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் மூலக்கூறு அளவில் நன்கு அடங்கியது. அதற்குக் குறைவாக எடுத்தவர்களில் 28 சதவீதத்துக்கு மட்டுமே. உங்கள் வீட்டிலோ தெருவிலோ சி.எம்.எல். நோயாளி ஒருவர் இருந்தால் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள்: மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள் மாத்திரையைக்கூட விடக்கூடாது, மருத்துவர் குறித்த தேதியில் பி.சி.ஆர்.-ஏபிள் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது.